மஞ்சள் அரிதாரமும் அன்னா மே வோங்கும்

அமெரிக்கத் திரையுலகில் நட்சத்திரமாக உயர்ந்த முதல் சீன வம்சாவளி நடிகை அன்னா மே வோங். 1905 ஜனவரி 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், பழைய சைனாடவுனுக்கு அருகில் இருந்த ஃபிளவர் தெருவில் பிறந்தார். வீட்டில் இட்ட பெயர் வோங் லியூ சொங். சீன வழக்கப்படி குடும்பப் பெயரான வோங் முன்னால் நிற்கும். மற்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் உறைபனி படிந்த வில்லோ மரம் என்று பொருள். பெற்றோர் இருவருமே அமெரிக்காவில் பிறந்தவர்கள். தாத்தா காலத்தில்தான், 1850களில், குடும்பம் சீனாவின் தென்கோடியிலிருந்து கடல் கடந்து வந்தது. ஆக அன்னா அந்த மண்ணில் மூன்றாம் தலைமுறை. ஆனாலும் அவர் நடித்த நாற்பது ஆண்டுகளிலும் ஹாலிவுட் அவரை வேற்று நாட்டுப் பெண்ணாகவே நடத்தியது.

தந்தை வோங் சாம் சிங் சலவைக்கடை நடத்தினார். அக்காலக் கலிபோர்னியாவில் சீனர்களுக்கும் சலவைத் தொழிலுக்கும் இருந்த பிணைப்பு தற்செயலானதல்ல. தங்கச் சுரங்கங்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வெள்ளைத் தொழிலாளர்கள் சீனர்களை விரட்டினார்கள். முதலீடு அதிகம் தேவைப்படாத, ஆங்கிலம் அதிகம் பேச வேண்டியிராத, வெள்ளை ஆண்கள் போட்டிக்கு வராத தொழிலாகச் சலவை எஞ்சியது. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனக் கூலித் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதையே தடை செய்திருந்தது. அங்கே பிறந்த சீனப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை உண்டு என்பது 1898இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் உறுதியானது. அத்தகைய குடிமக்களில் ஒருவராக, சலவைக்கடை நீராவிக்கு நடுவே அன்னா வளர்ந்தார்.

பொதுப்பள்ளியில் சேர்ந்த அன்னாவையும் அக்காள் லூலுவையும் உடன் படித்த பையன்கள் பின்னலைப் பிடித்து இழுத்தும் கேலி செய்தும் படுத்திய பாட்டில், பெற்றோர் இருவரையும் சீனப் பிள்ளைகளுக்கான பிரெஸ்பிடீரியன் மிஷன் பள்ளிக்கு மாற்றினார்கள். இதே ஆண்டுகளில்தான் திரைப்படத் தொழில் நியூயார்க் பக்கத்திலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. வெயிலும், மலையும் கடலும் பாலைவனமும் ஒருநாள் பயணத்துக்குள் கிடைக்கும் வசதியும் தயாரிப்பாளர்களை இழுத்தன. சைனாடவுன் சந்துகளில் படப்பிடிப்பு நடக்காத வாரம் அரிது. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக் காசைப் படக்கொட்டகையில் கொடுத்துவிட்டு, மீதி நேரமெல்லாம் கேமராவுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்த சிறுமிக்குப் படப்பிடிப்பு ஆட்கள் 'ஆர்வக்காரச் சீனக் குழந்தை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பதினோரு வயதிலேயே அன்னா மே வோங் என்ற திரைப்பெயரைத் தானே உருவாக்கிக்கொண்டார்.

1919இல் வெளிவந்த 'தி ரெட் லேண்டர்ன்' படத்துக்குச் சீன முகமுள்ள பெண்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டார்கள். தந்தைக்குத் தெரியாமல், கையில் விளக்கேந்தி நடக்கும் கூட்டத்தில் ஒருத்தியாக அன்னா நின்றார். படத்தில் பெயர் போடவில்லை. அந்தப் படத்தின் நாயகி பாத்திரம் பாதிச் சீனப் பெண். அதில் நடித்தவர் ரஷ்யப் பேரரசின் யால்டா நகரில் பிறந்த ஆலா நாஸிமோவா. கூட்டத்தில் நிற்க உண்மைச் சீனர், முன்னால் நிற்க அரிதாரம் பூசிய வெள்ளையர்: அன்னாவின் வாழ்க்கை முழுவதையும் ஆட்டிவைத்த ஏற்பாடு முதல் படத்திலேயே அவர் கண்முன் இருந்தது.

இந்த ஏற்பாடு ஹாலிவுட் கண்டுபிடித்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு மேடையிலிருந்து வந்த பழக்கம் அது. திரைப்படம் அதை ஒரு கைத்தொழிலாகவே வளர்த்தது. 1927இல் வந்த 'மிஸ்டர் வூ' படத்துக்காக நடிகர் லான் சானி பூண்ட வேடம் இதற்குப் பேர்போன சான்று. பஞ்சும் கொலோடியன் என்ற பசையும் வைத்துக் கன்ன எலும்பை உயர்த்தினார். மீன் தோலை ஒட்டிக் கண்களின் அமைப்பை மாற்றினார். வர்ணம் பூசிய படச்சுருள் துண்டுகளால் நீண்ட நகங்கள் செய்துகொண்டார். ஒவ்வொரு நாளும் அரிதாரத்துக்கு மட்டும் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆனது. கைவினை என்ற அளவில் வியக்க வேண்டிய உழைப்புதான். ஆனால் அதே படத்தில் சீன நாயகியாக நடித்தவர் பிரெஞ்சு நடிகை ரெனே அடோரே. அரிதாரமே தேவைப்படாத அன்னாவுக்குக் கிடைத்தது அந்த நாயகியின் பணிப்பெண் வேடம்.

1921இல் அன்னா உயர்நிலைப் பள்ளிப் படிப்பை நிறுத்தினார். அதே ஆண்டு 'பிட்ஸ் ஆஃப் லைஃப்' படத்தில் லான் சானிக்கு மனைவியாக நடித்தார். திரையில் முதன்முறையாக அவர் பெயர் வந்தது. அடுத்த ஆண்டு, பதினேழு வயதில், 'தி டோல் ஆஃப் தி சீ' படத்தின் நாயகியானார். டெக்னிகலர் நிறுவனத்தின் இரண்டாம் முறையில் எடுக்கப்பட்ட முதல் முழுப்படம் அது. கேமராவுக்குள் ஒரு பட்டகம் ஒளியைச் சிவப்பு, பச்சை என்று இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்யும். பின்னர் இரண்டு மெல்லிய படச்சுருள்களை முதுகோடு முதுகு ஒட்டித் திரையிடுவார்கள். திரையரங்கின் சாதாரண புரொஜெக்டரே போதும். புதிய முறையைச் சோதிக்கத்தான் டெக்னிகலர் இந்தச் சிறிய கதையைத் தயாரித்தது. ஃபிரான்சிஸ் மேரியன் 'மேடம் பட்டர்ஃபிளை' கதையைச் சீனக் கடற்கரைக்கு மாற்றி எழுதியிருந்தார். கரையொதுங்கிய அமெரிக்கனை மணந்து, கைவிடப்பட்டு, பெற்ற மகனையும் அந்த அமெரிக்கனின் வெள்ளை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலில் இறங்கும் லோட்டஸ் ஃபிளவர் என்ற பெண்ணாக அன்னா நடித்தார். மௌனப் படங்களில் கையை வீசி மார்பில் அடித்துக்கொள்ளும் நடிப்பு மலிந்திருந்த காலத்தில், அழுகையை அடக்கும் முகத்தை மட்டும் வைத்து அவர் அந்த வேடத்தைத் தாங்கினார். இன்று பார்த்தாலும் அந்த நடிப்பு பழையதாகத் தோன்றுவதில்லை.

வேறொரு நடிகைக்கு இத்தகைய தொடக்கம் அடுத்தடுத்த நாயகி வேடங்களைத் தந்திருக்கும். அன்னாவுக்கு 1924இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் நாயகனைக் காட்டிக்கொடுக்கும் மங்கோலிய அடிமைப் பெண் வேடமே வந்தது. சின்ன வேடமானாலும் உலகெங்கும் அவர் முகம் தெரிந்தது. அதே ஆண்டு 'பீட்டர் பேன்' படத்தில் டைகர் லில்லி என்ற செவ்விந்தியப் பெண்ணாக நடித்தார். சீனக் கதைகளை எடுக்கச் சொந்தத் தயாரிப்பு நிறுவனமும் தொடங்கினார். கூட்டாளியின் நேர்மையின்மை தெரியவந்து அது கலைந்தது.

நாயகி வேடம் கிடைக்காததற்குச் சட்டமும் வழக்கமும் சேர்ந்து காரணம். வெள்ளையரும் சீனரும் மணப்பதைக் கலிபோர்னியாச் சட்டம் 1948 வரை தடை செய்திருந்தது. வாழ்க்கையில் கூடாதது திரையிலும் கூடாது என்று ஸ்டுடியோக்கள் கருதின. 1930இல் எழுதப்பட்டு 1934 முதல் கண்டிப்புடன் அமலான தயாரிப்பு நெறிமுறை, கறுப்பர்–வெள்ளையர் காதலைக் காட்டக் கூடாது என்றது. நடைமுறையில் ஆசியர்களுக்கும் அதே அளவுகோல்தான். நாயகன் வெள்ளையராகவே இருப்பார். அவரை முத்தமிட முடியாதவர் நாயகியாக முடியாது. சீனப் பெண்ணாக வேடமிட்ட வெள்ளை நடிகைக்கு இந்தத் தடை இல்லை. அன்னாவின் சொந்த வாழ்க்கையிலும் இதே முட்டுக்கட்டை இருந்தது. ஊர்ச் சட்டப்படி அவர் வெள்ளையரை மணக்க முடியாது. 1922ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று வகைப்படுத்தப்பட்டிருந்த சீனக் குடிமகனை மணந்தால் தன் அமெரிக்கக் குடியுரிமையை இழப்பார். அந்த விதி 1931 வரை நீடித்தது. அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

1928இல் அன்னா ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் குடிவரவு அலுவலகத்தில் 430ஆம் எண் படிவத்தை நிரப்பித் தர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பிறந்த சீனர் வெளிநாடு சென்று திரும்ப வேண்டுமானால், தான் குடிமகன் என்று முன்கூட்டியே நிரூபித்துச் சான்று பெற வேண்டும். உலகம் அறிந்த நடிகையான பிறகும் ஒவ்வொரு பயணத்துக்கும் அவர் அந்தப் படிவத்தோடு நின்றார்.

பெர்லினில் ரிச்சர்ட் ஐக்பெர்க் இயக்கிய 'சாங்' படம் அவரை ஒரே பாய்ச்சலில் நட்சத்திரமாக்கியது. தத்துவ அறிஞர் வால்டர் பெஞ்சமின் அவரைச் சந்தித்து உரையாடி எழுதினார். ஒரு விருந்தில் மார்லின் டீட்ரிச், லெனி ரீஃபன்ஸ்டால் இருவருடனும் அன்னா நிற்கும் படத்தைப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டட் எடுத்தார். ஜெர்மன் மொழியைக் கற்று வியன்னா மேடையிலும் நடித்தார். லண்டனில் இ. ஏ. டுபாண்ட் இயக்கிய 'பிக்காடிலி' 1929இல் வந்தது. இரவு விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவும் ஷோஷோ, மேசைமேல் ஏறி ஆடுவதைக் கண்ட முதலாளி அவளை மேடையேற்றுகிறார். விளம்பரத்தில் முதல் பெயர் நடிகை கில்டா கிரேயுடையது. படத்தைப் பார்த்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது அன்னாவை. அதிலும் கதை முடியுமுன் ஷோஷோ சுடப்பட்டுச் சாகிறாள். 'டோல் ஆஃப் தி சீ'யில் கடல், 'சாங்'கில் வாள்முனை, 'பிக்காடிலி'யில் துப்பாக்கி என்று அவருடைய பாத்திரங்கள் சாவதற்கென்றே எழுதப்பட்டன. சாகாவிட்டால் வெள்ளை நாயகனுக்கும் அவளுக்கும் இடையில் ஏற்பட்ட நெருக்கத்தை என்ன செய்வது என்று கதாசிரியர்களுக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு லண்டனில் 'தி சர்க்கிள் ஆஃப் சாக்' நாடகத்தில் இளம் லாரன்ஸ் ஒலிவியேவுடன் நடித்தார். விமர்சகர்கள் அவருடைய கலிபோர்னிய உச்சரிப்பைக் குறை கூறினார்கள். சீனப் பெண்ணின் வாயிலிருந்து அமெரிக்க ஆங்கிலம் வருவது அவர்களுக்குப் பொருந்தவில்லை. அன்னா ஆசிரியர் வைத்துப் பணம் கொடுத்துப் பயின்று, மேட்டுக்குடி பிரிட்டிஷ் உச்சரிப்பைக் கைக்கொண்டார். பேசும்படம் வந்தபோது இது கைகொடுத்தது. அவருடைய முதல் பேசும்படம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்று மொழிகளில் தனித்தனியாக எடுக்கப்பட்டது. மூன்றிலும் அவரே பேசினார்.

1930இல் நியூயார்க் திரும்பி 'ஆன் தி ஸ்பாட்' நாடகத்தில் நடித்தார். 167 காட்சிகள் நடந்தன. அந்த ஆண்டு நவம்பரில் தாய் வீட்டு வாசலில் கார் மோதி இறந்தார். மறு ஆண்டு பாராமவுண்டின் 'டாட்டர் ஆஃப் தி டிராகன்' படத்தில், கதைகளில் வரும் சீன வில்லன் ஃபூ மான்சுவின் மகளாக நடித்தார். மூவர் பெற்ற சம்பளம் அக்காலத்தின் தராசைக் காட்டுகிறது. அன்னாவுக்கு 6,000 டாலர். ஜப்பானிய நடிகர் செஸ்யூ ஹயகாவாவுக்கு 10,000. படத்தின் முதல் பாதியிலேயே செத்துப்போகும் ஃபூ மான்சுவாக நடித்த, ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்டுக்கு 12,000.

ஜோசஃப் ஃபான் ஸ்டெர்ன்பெர்கின் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' 1932இல் வெளிவந்தது. உள்நாட்டுப் போர் நடக்கும் சீனாவில் ஓடும் ரயில். ஒரே பெட்டியில் மார்லின் டீட்ரிச்சும் அன்னாவும். ஹுய் ஃபெய் என்ற அவருடைய பாத்திரம் அதிகம் பேசுவதில்லை. சீட்டு விரித்து விளையாடுகிறாள், பேச வந்தவர்களை ஒரு பார்வையில் நிறுத்துகிறாள், தன்னைக் கெடுத்த கலகத் தலைவனைக் கத்தியால் முடிக்கிறாள். அந்தத் தலைவன் வேடத்திலும் வார்னர் ஓலண்டே. ஸ்டெர்ன்பெர்கின் ஒளியும் நிழலும் டீட்ரிச்சுக்காக அமைக்கப்பட்டவை என்றாலும் அவற்றில் அன்னா சற்றும் குறைந்து தெரியவில்லை. சீனப் பத்திரிகைகளோ இந்தப் படத்துக்காக அவரைக் கடுமையாகச் சாடின. சீனப் பெண்ணை விலைமகளாகக் காட்டித் தாய்நாட்டை அவமதித்தார் என்பது குற்றச்சாட்டு. கதை எழுதும் உரிமை அவரிடம் இல்லை. எழுதப்பட்டதற்கான பழி மட்டும் அவரைச் சேர்ந்தது. திரையில் சீனர் ஏன் எப்போதும் கொலைகாரராகவும் துரோகியாகவுமே வர வேண்டும் என்று 1933இல் லண்டன் பத்திரிகைப் பேட்டியில் அன்னாவே கேட்டார். 1934இல் பிரிட்டனில் எடுத்த 'ஜாவா ஹெட்' படத்தில்தான் ஒரு வெள்ளை நாயகனை, கணவன் என்ற முறையில், அவர் திரையில் முத்தமிட முடிந்தது.

பெர்ல் பக்கின் 'தி குட் எர்த்' நாவல் 1931இல் வெளியானது. சீன உழவர் குடும்பத்தின் கதை. மெட்ரோ கோல்ட்வின் மேயர் அதைப் படமாக்கப் போவதாக அறிவித்ததும், உழவனின் மனைவி ஓலான் வேடத்துக்கு அன்னாவின் பெயரைப் பத்திரிகைகள் பேசின. உழைத்து ஓய்ந்து, பஞ்சத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றி, ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் சாகும் அந்தப் பெண்ணை நடிக்க அவர் பல ஆண்டுகள் காத்திருந்தார். ஆனால் உழவன் வாங் லுங் வேடம் பால் முனிக்குப் போனது. நாயகன் வெள்ளையர் என்றானதும் நாயகியும் வெள்ளையராக வேண்டியிருந்தது. ஓலானாக ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனர் நடித்தார். குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாம் மனைவி லோட்டஸ் வேடத்துக்கு அன்னாவைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓலான் வேடமென்றால் மகிழ்ச்சியோடு வருவேன், சீனர் வேடத்தில் வெள்ளையர் நிறைந்த படத்தில் வெறுக்கத்தக்க ஒரே பாத்திரத்தைச் சீன இரத்தம் உள்ள நான் ஏற்க முடியாது என்று அவர் மறுத்தார். லோட்டஸாக ஆஸ்திரிய நடனமணி டில்லி லோஷ் நடித்தார். படம் 1937இல் வெளிவந்தது. ரைனருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஹாலிவுட் செய்த வேடத் தேர்வுகளில் இதைவிடப் பெரிய அநீதி சிலவே இருக்கும்.

1936 தொடக்கத்தில் அன்னா முதன்முறையாகச் சீனா சென்றார். தந்தை இரண்டாண்டுகளுக்கு முன்பே இளைய பிள்ளைகளோடு பூர்விக ஊரான டைஷான் பகுதிக்குத் திரும்பியிருந்தார். ஷாங்காய் வரவேற்றது; வேறு சில இடங்களில் எதிர்ப்பு முழக்கம் கேட்டது. வீட்டில் அவர் பேசிய டைஷான் பேச்சு வடக்கே புரியாது என்பதால் மாண்டரின் மொழி கற்றார். பெண் வேடக் கலைஞர் மெய் லான்ஃபாங்கை முன்பே லண்டனில் சந்தித்திருந்தார். சீன மேடையில் பயிற்சி பெறும் எண்ணமும் இருந்தது. பயிற்சி சிறுவயதிலேயே தொடங்க வேண்டிய கலை அது என்பதை அங்கே போன பிறகு உணர்ந்தார். பயணக் கட்டுரைகளை 'நியூயார்க் ஹெரால்ட் டிரிபியூன்' வெளியிட்டது. சீனாவில் அவரை அமெரிக்கர் என்றார்கள், அமெரிக்காவில் சீனர் என்றார்கள்.

திரும்பி வந்ததும் பாராமவுண்டில் சில சிறு பட்ஜெட் படங்கள் கிடைத்தன. பெரிய ஸ்டுடியோ கவனிக்காத இடத்தில் நல்லது நடந்தது. 1937இன் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' படத்தில் ஆள்கடத்தல் கும்பலைத் தேடிப் பிடிக்கும் வணிகர் மகளாக அன்னாவும், அரசுத் துப்பறிவாளராகக் கொரிய வம்சாவளி நடிகர் ஃபிலிப் ஆனும் நடித்தார்கள். கதை முடியும்போது இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், திருமணமும் பேசுகிறார்கள். ஆசிய முகங்கள் இரண்டு நாயகன் நாயகியாக ஹாலிவுட் திரையில் நின்றது அபூர்வம். 2006இல் இந்தப் படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 'கிங் ஆஃப் சைனாடவுன்' (1939) படத்தில் அவர் அறுவை மருத்துவராக வந்தார்.

இதற்குள் அவர் பிறந்த இடத்துக்கு அருகிலிருந்த பழைய சைனாடவுனின் பெரும்பகுதி, 1939இல் திறக்கப்பட்ட யூனியன் ரயில் நிலையத்துக்காக இடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக 1938இல் எழுந்த புதிய சைனாடவுனில், தன் பெயருக்குரிய வில்லோ மரக்கன்று ஒன்றை அன்னா நட்டார். ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்காக உடைகளை ஏலம் விட்டு நிதி திரட்டினார். 1942இல் நடித்த 'பாம்ப்ஸ் ஓவர் பர்மா', 'லேடி ஃப்ரம் சுங்கிங்' படங்களின் ஊதியத்தையும் சீன நிவாரணத்துக்கே அளித்தார். விலக்குச் சட்டம் 1943இல், சீனா போரில் நட்பு நாடு என்பதால், நீக்கப்பட்டது. போர்க்காலச் சீனப் படங்களின் தேவை தீர்ந்தபோது அன்னாவின் வாய்ப்புகளும் தீர்ந்தன.

1951இல் டூமாண்ட் தொலைக்காட்சி அவரை அழைத்தது. ஆலன் டூமாண்ட் என்ற தொலைக்காட்சிப் பெட்டித் தயாரிப்பாளர் தொடங்கிய வலையமைப்பு அது. பெரிய நட்சத்திரங்களுக்குக் கொடுக்கப் பணமில்லை, அதனாலேயே மற்றவர்கள் துணியாததைத் துணிந்தது. 'தி கேலரி ஆஃப் மேடம் லியூ சொங்' ஆகஸ்ட் 27 அன்று தொடங்கியது. கலைப்பொருள் கூடம் நடத்திக்கொண்டே குற்றங்களைத் துப்பறியும் பெண்ணின் கதை. பாத்திரத்துக்கு அன்னாவின் சொந்தப் பெயரையே வைத்தார்கள். ஆசிய அமெரிக்கர் ஒருவர் முதன்மை வேடம் ஏற்ற முதல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இதுதான். நவம்பர் 21 அன்று நின்றது. நேரடி ஒளிபரப்பை, திரையை நோக்கி வைத்த 16 மி.மீ. கேமராவால் பதிவு செய்து வைப்பது அக்கால முறை. டூமாண்ட் 1956இல் மூடப்பட்ட பிறகு அந்தச் சுருள்கள் கைமாறின. 1970களில் அவற்றை லாரிகளில் ஏற்றி நியூயார்க் துறைமுக விரிகுடாவில் கொட்டினார்கள் என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் சாட்சியம் அளித்தார். மேடம் லியூ சொங்கின் ஒரு பகுதிகூட இன்று இல்லை.

1956இல் வில்லியம் வைலர் 'தி லெட்டர்' கதையைத் தொலைக்காட்சிக்காக இயக்கினார். 1940இல் அதே கதையை அவர் திரைப்படமாக எடுத்தபோது, கொலையுண்டவனின் மனைவியாக அரிதாரம் பூசி நடித்தவர் கேல் சாண்டர்கார்ட். பதினாறு ஆண்டுகள் கழித்து அந்த வேடத்தை அன்னாவுக்குத் தந்தார். 1960இல் லானா டர்னர் நடித்த 'போர்ட்ரெயிட் இன் பிளாக்' படத்தில் வீட்டு நிர்வாகியாக வந்தார். அந்த ஆண்டு ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. ஆசிய நடிகர்கள் நிறைந்த 'ஃபிளவர் டிரம் சாங்' படத்தில் மேடம் லியாங் வேடத்துக்கு அவர் ஒப்பந்தமாகியிருந்தார். கல்லீரல் நோயால் உடல் தளர்ந்திருந்த அவர், படப்பிடிப்பு தொடங்குமுன், 1961 பிப்ரவரி 3 அன்று சாந்தா மோனிகாவில் தூக்கத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 56. அஸ்தி தாயின் கல்லறையில் சேர்க்கப்பட்டது. மேடம் லியாங்காக ஆப்பிரிக்க அமெரிக்க நடிகை ஹுவனிடா ஹால் நடித்தார்.

'தி டோல் ஆஃப் தி சீ'யின் மூலச்சுருளை 1985இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகம் சீரமைத்தது. லோட்டஸ் ஃபிளவர் கடலில் இறங்கும் இறுதிப் பகுதி மட்டும் கிடைக்கவில்லை. பழைய இருவண்ண டெக்னிகலர் கேமரா ஒன்றைத் தேடியெடுத்து, பசிபிக் கடலின் அலைகளைப் புதிதாகப் படம்பிடித்து அந்த இடத்தில் சேர்த்தார்கள். 2022இல் அமெரிக்க நாணயச்சாலை, கன்னத்தில் கை ஊன்றிய அன்னாவின் முகம் பொறித்த கால் டாலர் நாணயத்தை வெளியிட்டது. அமெரிக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவர்.